கேம் நடுவில் வெளியே தள்ளுகிறதா? கிராபிக்ஸ் டிரைவர் கிராஷைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

படம் அப்படியே உறைந்து நிற்கும். பின்னணிச் சத்தம் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டு 'ட்ர்ர்ர்' என்று இழுக்கும். திரை ஒரு தடவை கறுத்து மீண்டும் வரும்போது டெஸ்க்டாப்பில் இருப்போம். கேம் இருந்த தடமே இருக்காது. 'டிஎக்ஸ்ஜிஐ எரர் டிவைஸ் ரிமூவ்ட்' என்று ஒரு சின்னப் பெட்டி மட்டும் சில சமயம் மிச்சம் இருக்கும். கிராபிக்ஸ் கார்டை யாரும் கழற்றவில்லையே, அப்புறம் எதை 'ரிமூவ்' செய்தார்கள் என்று முதல் தடவை பார்ப்பவர் குழம்புவார்.

என் சித்தி மகன் இந்தப் பெட்டியை ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் போன் செய்தான். "அண்ணா, லோடிங் முடிஞ்சு மூணாவது நிமிஷம் கரெக்டா வெளிய தள்ளுது. டிரைவரை நாலு தடவை மாத்திட்டேன்" என்றான். எந்த வெர்ஷனில் இருந்து எந்த வெர்ஷனுக்கு மாற்றினாய் என்று கேட்டேன். தெரியவில்லை. கிராஷ் ஆகும்போது என்ன செய்தி வருகிறது? "ஏதோ இங்கிலீஷ்ல வருதுண்ணா, ஓகே குடுத்துடுவேன்." அவன் கதை எங்கே போய் முடிந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். நான் இங்கே தரும் வரிசை அதற்குப் பிறகு பழகிக்கொண்டதுதான்: முதலில் பதிவுகளைப் படிப்பது, அப்புறம் சுலபமானவை, அப்புறம் டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்), அதற்கும் அடங்காவிட்டால் ஹார்டுவேர். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும்.

அந்த இரண்டு விநாடியில் என்ன நடக்கிறது

விண்டோஸ் விஸ்டா காலத்தில் இருந்து விண்டோஸுக்குள் ஒரு காவல்காரன் உட்கார்ந்திருக்கிறான். டைம்அவுட் டிடெக்ஷன் அண்ட் ரெக்கவரி, சுருக்கமாக டிடிஆர் என்று பெயர். கிராபிக்ஸ் கார்டிடம் ஒரு வேலை கொடுத்து, அது இரண்டு விநாடிக்குள் முடியவும் இல்லை, கார்டு அதை விட்டு வெளியே வரவும் இல்லை என்றால், கார்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டி டிரைவரையே ரீசெட் செய்துவிடுவான். விஸ்டாவுக்கு முன்னால் இப்படி நடந்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் தொங்கிவிடும். கேபினட்டில் இருக்கும் ரீசெட் பட்டனை அமுக்க வேண்டியதுதான். இப்போது திரை மட்டும் கறுத்து மீள்கிறது.

ஆனால் ரீசெட் ஆகும்போது கார்டின் நினைவகத்தில் கேம் போட்டு வைத்திருந்த டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டும் படம்), ஷேடர் (ஒளி, நிறத்தைக் கணக்கிடும் சின்ன நிரல்) எல்லாம் போய்விடும். பிரவுசரும் டெஸ்க்டாப்பும் அதை மறுபடி உருவாக்கிக்கொள்ளும். கேம்கள் பெரும்பாலும் அந்தச் சிரமம் எடுத்துக்கொள்ளாது. தன் காலடியில் இருந்த கார்டு காணாமல் போனதாக நினைத்து மூடிக்கொள்ளும். 'டிவைஸ் ரிமூவ்ட்' என்பதன் பொருள் இவ்வளவுதான். இதே ரீசெட் ஒரே நிமிடத்தில் ஐந்து முறைக்கு மேல் நடந்தால் விண்டோஸ் பொறுமை இழந்து நீலத் திரையைக் காட்டும். ரீசெட் செய்யப் போய் டிரைவர் எழுந்திருக்காவிட்டாலும் அதேதான். அப்போது திரையில் 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்று இருக்கும்.

ஆகவே செய்தியில் டிரைவரின் பெயர் வருவது, விழுந்தவர் யார் என்பதைத்தான் சொல்கிறது. தள்ளியவர் டிரைவருக்குள் இருக்கும் பிழையாக இருக்கலாம், கேமின் பிழையாக இருக்கலாம், சூடாகிப்போன கார்டு, ஓவர்கிளாக் (வகுத்ததைவிட வேகம் ஏற்றுவது), கரண்ட் பத்தாத எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), கோளாறான ரேம், ஏன், பிராசஸராகக்கூட இருக்கலாம். டிரைவரை மாற்றினால் சில சமயம் சரியாவதும், பல சமயம் ஆகாமல் போவதும் இதனால்தான்.

படி 1: எதையும் தொடாமல் பதிவுகளைப் படியுங்கள்

ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று அடித்தால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று ஒன்று வரும். பலர் இதைத் திறந்தே பார்த்ததில்லை. எனக்கு விண்டோஸில் ரொம்பப் பிடித்த ஜன்னல் இதுதான். நாள்வாரியாக ஒரு வரைபடம், கிராஷ் ஆன நாளில் சிவப்புப் பெருக்கல் குறி. அதை அழுத்தினால் கீழே விவரம். அதே வரைபடத்தில் எந்த நாளில் எந்த டிரைவரும் விண்டோஸ் அப்டேட்டும் ஏறியது என்பதும் தெரியும். சிவப்புக் குறிகள் ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பிறகுதான் தொடங்குகின்றன, அந்த நாளில் ஒரு டிரைவர் ஏறியிருக்கிறது என்றால் பாதி வேலை முடிந்தது.

அங்கே 'ஹார்டுவேர் எரர்' என்று இருந்து, உள்ளே 'லைவ் கெர்னல் ஈவன்ட்' 141 அல்லது 117 என்று எண் இருந்தால், கார்டு பதில் சொல்லாமல் நின்றதற்கான பதிவு அது. தலைப்பில் 'ஹார்டுவேர்' என்று இருப்பதைப் பார்த்துக் கார்டு போச்சு என்று கடைக்கு ஓடவேண்டாம். டிரைவர் பிழைக்கும் விண்டோஸ் அதே தலைப்பைத்தான் போடும்.

அடுத்து 'ஈவன்ட் வியூவர்'. உள்ளே 'விண்டோஸ் லாக்ஸ்' என்பதன் கீழ் 'சிஸ்டம்', 'அப்ளிகேஷன்' என்ற இரண்டு பகுதிகள் போதும். கிராஷ் ஆன நேரத்துக்கு நேராக என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சிஸ்டம் பகுதியில் 'டிஸ்ப்ளே' என்ற மூலத்தில் இருந்து 4101 என்ற எண் இருந்தால், டிரைவர் நின்று மீண்டது உறுதி. அப்ளிகேஷன் பகுதியில் 1000 என்ற எண் இருந்தால், அதில் 'ஃபால்ட்டிங் மாட்யூல்' என்று ஒரு கோப்பின் பெயர் இருக்கும். அந்தப் பெயர் ஆங்கிலத்தில் 'என்வி' என்று தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா டிரைவர். 'ஏடிஐ', 'ஏஎம்டி' என்றால் ஏஎம்டி. 'ஐஜி' என்றால் இன்டெல். கேமின் சொந்தப் பெயரே இருந்தால் முதல் சந்தேகம் கேம் மீது.

சிஸ்டம் பகுதியில் 'வீயா லாகர்' (WHEA-Logger) என்ற பெயரைக் கண்டால் மட்டும் நின்று பாருங்கள். அது பிராசஸர், ரேம், மதர்போர்டு பக்கம் இருந்து வரும் புகார்; டிரைவர் மாற்றி அது தீராது. அதேபோல் 'கெர்னல் பவர்' 41 என்பது கம்ப்யூட்டர் ஒழுங்காக மூடப்படாமல் சட்டென்று அணைந்ததைச் சொல்கிறது. கேம் நடுவில் கம்ப்யூட்டரே அணைந்து, வேறு எந்தப் பதிவும் இல்லாமல் இது மட்டும் இருந்தால், நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடலாம்.

ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: தேதி, கேம், தொடங்கி எத்தனையாவது நிமிடம், என்ன செய்தி, டிரைவர் வெர்ஷன். என்விடியா வெர்ஷனை டிவைஸ் மேனேஜரில் பார்த்தால் 31.0.15.5222 என்று நீளமாகக் குழப்பும். கடைசி ஐந்து இலக்கங்களை எடுத்து, பின்னால் இருந்து இரண்டுக்கு முன் புள்ளி வையுங்கள்: 552.22. இணையதளத்தில் இருக்கும் எண் அதுதான்.

கூடவே ஒரு கேள்வி. ஒரே கேமில்தான் நடக்கிறதா, எல்லாக் கேமிலுமா? ஒரே கேமில், அதுவும் ஒரே இடத்தில் என்றால் கேமும் டிரைவரும் சேர்ந்து செய்யும் வம்பு. ஒரு அப்டேட்டில் தீரக்கூடியது. எல்லாக் கேமிலும், நேரம் காலம் இல்லாமல் என்றால் ஹார்டுவேர் பக்கம் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: பத்து நிமிடத்தில் முடியும் சோதனைகள்

ஒன்றை மாற்றுங்கள், கேமை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் அடுத்தது. ஐந்தை ஒரே நேரத்தில் மாற்றிச் சரியானால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த மாதம் திரும்ப வந்தால் மறுபடி முதலில் இருந்து.

ஓவர்கிளாக்கை எடுத்துவிடுங்கள். 'நான் எதுவும் செய்யவில்லை' என்பவரும் படிக்கவேண்டிய வரி இது, ஏனென்றால் பல கார்டுகள் தொழிற்சாலையிலேயே வேகம் ஏற்றித்தான் வருகின்றன. என்விடியா கன்ட்ரோல் பேனலின் 'ஹெல்ப்' மெனுவில் 'டீபக் மோட்' என்று ஒரு தேர்வு ஒளிந்திருக்கிறது. அதை டிக் செய்தால் கார்டு என்விடியா வகுத்த அடிப்படை வேகத்துக்கு இறங்கும். ஏஎம்டியில் அட்ரினலின் மென்பொருளின் 'டியூனிங்' பகுதியில் அதிகபட்ச வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். எதுவானாலும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் கோர் கிளாக்கை 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்துப் பார்ப்பதும் அதே சோதனைதான். வேகம் குறைத்ததும் கிராஷ் நின்றுவிட்டால், டிரைவர் மீதான சந்தேகத்தைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். அண்டர்வோல்ட் செய்து (கார்டின் வோல்டேஜைக் குறைத்து) வைத்திருப்பவர்களே, உங்களுக்கும் இது பொருந்தும். இரண்டு வருடம் ஒழுங்காக ஓடிய அண்டர்வோல்ட், கார்டைக் கூடுதலாகப் பிழியும் ஒரு புதிய கேமில் காலை வாரும்.

கேமின் மேல் மிதக்கும் ஓவர்லேக்கள் அடுத்தது. டிஸ்கார்டு, ஸ்டீம், என்விடியா ஆப், ரிவாடியூனர் என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கேமின் படத்துக்குள் கை விடுகிறார்கள். எல்லாவற்றையும் அணைத்துப் பாருங்கள்.

ஸ்டீமில் கேமின் மீது வலது கிளிக், 'ப்ராபர்ட்டீஸ்', 'இன்ஸ்டால்டு ஃபைல்ஸ்', 'வெரிஃபை'. கோப்பு கெட்டிருந்தால் தானே சரிசெய்துகொள்ளும். அதோடு ஷேடர் கேஷையும் (தயாரித்துச் சேமித்து வைத்த ஷேடர்களை) அழியுங்கள்: 'டிஸ்க் கிளீனப்' திறந்து 'டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ்' மட்டும் டிக் செய்தால் போதும். அடுத்த முறை கேம் திறக்கும்போது கொஞ்ச நேரம் திக்கித் திணறும், பயப்படவேண்டாம். ஷேடரைப் புதிதாகத் தயாரிக்கிறது.

கேம் அமைப்பில் டைரக்ட்எக்ஸ் (கேம் கார்டோடு பேசும் விண்டோஸ் வழி) 12-க்குப் பதில் 11 என்று மாற்ற வழி இருந்தால் மாற்றிப் பாருங்கள். 12-இல் நினைவகத்தைப் பராமரிக்கும் பொறுப்பில் பெரும்பகுதி கேம் எழுதியவர் தலையில் இருக்கிறது. அங்கே நடக்கும் தவறு, டிரைவர் கிராஷ் என்ற பெயரில்தான் நமக்கு வந்து சேரும். 4 ஜிபி கார்டில் டெக்ஸ்சரை 'அல்ட்ரா'வில் வைத்துவிட்டு டிரைவரைத் திட்டுவதிலும் நியாயம் இல்லை, ஒரு படி குறையுங்கள். எஸ்எஸ்டியில் இடம் மிச்சப்படுத்த யாரோ சொன்னார்கள் என்று 'பேஜ் ஃபைல்' (ரேம் பத்தாதபோது கைகொடுக்க டிஸ்கில் ஒதுக்கும் இடம்) அணைத்து வைத்திருந்தால் அதைத் திரும்பப் போடுங்கள். ரேம் நிறைய இருந்தாலும் சில கேம்கள் அது இல்லாமல் விழும்.

படி 3: டிரைவரை வேரோடு எடுத்துப் புதிதாகப் போடுவது

பழைய டிரைவர் மீதே புதியதை ஏற்றுவது சாதாரணமாகப் போதும். கிராஷ் இருக்கும்போது போதாது, பழைய மிச்சங்கள் கிடக்கும். என்விடியா இன்ஸ்டாலரில் 'கஸ்டம்' போய் 'க்ளீன் இன்ஸ்டலேஷன்' டிக் செய்யலாம். ஏஎம்டி இன்ஸ்டாலரில் 'ஃபேக்டரி ரீசெட்' உண்டு. முதலில் அதைச் செய்யுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் டிடியு. டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்பதன் சுருக்கம், வாக்னார்ட்சாஃப்ட் தளத்தில் இலவசம்.

டிடியுவை ஓட்டும் வரிசையில் ஒன்று பிசகினாலும் மறுபடி முதலில் இருந்துதான். அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் புதிய டிரைவரின் முழு இன்ஸ்டாலரையும் டிடியுவையும் இறக்கி டெஸ்க்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட்டைத் துண்டித்த பிறகு 'அய்யோ, டிரைவர் இறக்கவில்லையே' என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதைச் சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் விண்டோஸில்) செய்யவேண்டும். அங்கே போகும் முன் இரண்டு விஷயம். உங்கள் கம்ப்யூட்டரில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்கினால், சேஃப் மோடுக்குப் போகும் வழியில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். புதிய லேப்டாப்களில் இது உங்களுக்கே தெரியாமல் இயங்கிக்கொண்டிருக்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தச் சாவியை முன்கூட்டியே எழுதி வையுங்கள். இரண்டாவது, நான்கு இலக்கப் பின் போட்டு மட்டுமே நுழைந்து பழகியவர்கள் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடில் பின் எண்ணைச் சில சமயம் ஏற்காது.

சரி, இப்போது வைஃபையை அணையுங்கள், லேன் ஒயர் இருந்தால் பிடுங்குங்கள். பழைய டிரைவர் போன மறுநொடியே விண்டோஸ் அப்டேட் தன்னிடம் இருக்கும் ஏதோ ஒரு டிரைவரைத் திணிக்கப் பார்க்கும், அதற்குத்தான் இது. ஷிஃப்ட் விசையை அமுக்கிக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலப் பின்னணியில் மெனு வரும்: 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', 'ரீஸ்டார்ட்'. மீண்டும் வரும் பட்டியலில் 4 என்ற எண்ணை அமுக்கினால் சேஃப் மோட். எழுத்தெல்லாம் பெரிதாகத் தெரியும், அது இயல்புதான்.

டிடியுவைத் திறந்து, வலப்பக்கம் 'ஜிபியு' என்று தேர்ந்தெடுத்து, கீழே உங்கள் கார்டின் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். 'க்ளீன் அண்ட் ரீஸ்டார்ட்' அமுக்கிவிட்டுக் கை வைக்காமல் இருங்கள். என்விடியாவில் இருந்து ஏஎம்டிக்கோ அங்கிருந்து இங்கோ கார்டு மாறியவர்கள் இரண்டு நிறுவனத்தையும் தனித்தனியாக ஒரு தடவை சுத்தம் செய்யுங்கள். கம்ப்யூட்டர் திரும்பி வந்ததும், இன்டர்நெட் இன்னும் துண்டித்தபடியே, இறக்கி வைத்த டிரைவரை ஏற்றுங்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட், அதன்பிறகு வைஃபை.

நிறுவல் முடிந்ததும் வெர்ஷன் எண்ணைப் பாருங்கள். நீங்கள் போட்டதுதானா? இரண்டு நாள் கழித்தும் ஒரு தடவை பாருங்கள். மாறியிருந்தால் அது விண்டோஸ் அப்டேட்டின் கைவரிசை. 'டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து, தானாக டிரைவர் இறக்குவதற்கு 'நோ' கொடுத்தால் அது பெரும்பாலும் அடங்கும்.

படி 4: புதியதா, பழையதா

'லேட்டஸ்ட் போடு' என்பது எப்போதும் சரியான யோசனை அல்ல. 2010 மார்ச்சில் என்விடியா 196.75 என்ற டிரைவரை வெளியிட்டு, கார்டின் விசிறி ஒழுங்காக ஓடவில்லை என்ற புகார் வந்ததும் திரும்பப் பெற்றது. 2023 அக்டோபரில் ஏஎம்டி தன் டிரைவரில் இருந்த 'ஆன்டி லேக் பிளஸ்' என்ற வசதியைக் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 கேமுக்கும் கொண்டுவந்தது. அது கேமின் உள்ளே கை வைக்கும் விதத்தைக் கண்டு, கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2-இன் ஏமாற்றுத் தடுப்பு அதை ஏமாற்று மென்பொருளாக எடுத்துக்கொண்டு ஆட்டக்காரர்களைத் தடை செய்ததால், அந்த வசதியையே எடுக்க வேண்டி வந்தது. 2025 தொடக்கத்தில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டுகளோடு வந்த 572 வரிசை டிரைவர்களில் கறுப்புத் திரைத் தொல்லை பெரிதாக வெடித்தது. ஹாட்ஃபிக்ஸ் (அவசரத் திருத்தம்) மேல் ஹாட்ஃபிக்ஸாக வந்து, ஏப்ரலில் வந்த 576.02-இல்தான் நீளமான திருத்தப் பட்டியல் வந்தது. பழைய 30, 40 வரிசைக் கார்டு வைத்திருந்த பலர் அதுவரை 2024 டிசம்பரின் 566.36-ஐ விட்டு நகரவே இல்லை.

எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 வந்த புதிதில் கேம்கள் டெஸ்க்டாப்புக்கு வந்து விழுந்தன. கார்டின் பின்னால் இருக்கும் கெபாசிட்டர்தான் காரணம் என்று இணையமே சண்டை போட்டது. அந்த மாதக் கடைசியில் வந்த 456.55 டிரைவரோடு பலருக்குத் தொல்லை நின்றது. வாங்கிய கார்டைத் திருப்பிக் கொடுத்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ.

நான் செய்வது இது. கேம் புதிது, கார்டும் புதிது என்றால் லேட்டஸ்ட். கேம் பழையது, போன மாதம் வரை நன்றாக ஓடியது, அப்டேட்டுக்குப் பிறகு கெட்டது என்றால், கெடுவதற்கு முன் இருந்த வெர்ஷனுக்கு இறங்குவேன். டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' பட்டன் உயிரோடு இருந்தால் அதுவே போதும். மங்கிக் கிடந்தால் படி 3. பழைய வெர்ஷன்கள் எல்லாம் என்விடியா, ஏஎம்டி தளங்களிலேயே கிடைக்கும், வேறு எங்கும் இறக்கவேண்டாம். டிரைவரோடு வரும் 'ரிலீஸ் நோட்ஸ்' கோப்பில் 'நோன் இஷ்யூஸ்' என்ற பகுதியில் உங்கள் கேமின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதே இல்லை. அடுத்த வெர்ஷன் வரும்வரை பழையதில் இருங்கள்.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060, 1070 வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கான கேம் ரெடி டிரைவரை (புதிய கேம்களுக்காகச் சரிசெய்து வெளியிடும் டிரைவரை) 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். இனி வரும் கேம்களுக்கு இந்தக் கார்டில் தனித் திருத்தம் கிடைக்காது. புதிய கேம் அதில் விழுந்தால் டிரைவரைத் துரத்திப் பயனில்லை. கேமின் தரத்தைக் குறைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

லேப்டாப் என்றால் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும்: பிராசஸரோடு வருவது ஒன்று, தனிக் கார்டு ஒன்று. கேம் தவறான பக்கம் ஓடுவதும் கிராஷுக்குக் காரணம். செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளே', 'கிராபிக்ஸ்' போய், கேமுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கொடுங்கள். தனிக் கார்டின் டிரைவரை மட்டும் புதுப்பித்துவிட்டு இன்டெல் அல்லது ஏஎம்டி உள்ளமைந்த கிராபிக்ஸ் டிரைவரை மூன்று வருடப் பழசாக விட்டுவைப்பது பலரும் செய்யும் தவறு. திரைக்குப் படம் போவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான்.

படி 5: டிரைவர் நிரபராதி என்றால்

சுத்தமாக அழித்து ஒரு புதிய வெர்ஷன், ஒரு பழைய வெர்ஷன் போட்டுப் பார்த்தாகிவிட்டது, இன்னும் விழுகிறது என்றால் டிரைவரை விட்டுவிடுங்கள். ஐந்தாவது, ஆறாவது வெர்ஷனில் விடிவு வராது.

இதற்குச் சரியான உதாரணம் இன்டெல் கதை. 13, 14ஆம் தலைமுறை ஐ9 போன்ற பிராசஸர்கள் வைத்திருந்தவர்களுக்கு, அன்ரியல் என்ஜின் கேம்களில் 'அவுட் ஆஃப் வீடியோ மெமரி' என்று செய்தி வந்து கேம் மூடிக்கொண்டது. 24 ஜிபி கார்டிலும் இதே செய்தி! எல்லாரும் கார்டையும் டிரைவரையும் திட்டினார்கள். 2024 ஏப்ரலில் என்விடியாவே, இந்த பிராசஸர்களில் இப்படி வந்தால் இன்டெல்லைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டது. அந்த ஜூலையில் இன்டெல், பிராசஸர் தேவைக்கு அதிகமாக வோல்டேஜ் கேட்டு வாங்குவதுதான் காரணம் என்று ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் மைக்ரோகோடு (பிராசஸருக்குள்ளேயே ஓடும் நிரல்) திருத்தம் வந்தது, செப்டம்பரில் இன்னொன்று. வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தார்கள். அந்த பிராசஸர்கள் உங்களிடம் இருந்து, கேம் திறந்ததும் ஷேடர் தயாரிக்கும் கட்டத்திலேயே விழுந்தால், பயாஸை (மதர்போர்டில் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்து 'இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்' தேர்ந்தெடுங்கள். அப்புறமும் விழுந்தால் பிராசஸர் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. திருத்தம் அதை மீட்காது, வாரண்டிக்குத்தான் போகவேண்டும்.

ரேம் அடுத்தது. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமின் வேகத்தை ஏற்றும் அமைப்பு) போட்டிருந்தால் அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் ரேம் தேறவில்லை.

சூடு. எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் பின்னால் ஓடவிட்டு, கார்டின் வெப்பம், 'ஹாட் ஸ்பாட்' (சிப்பின் மிகச் சூடான இடம்), நினைவக வெப்பம் மூன்றையும் கவனியுங்கள். 80-ஐ ஒட்டிய டிகிரி இயல்புதான். ஹாட் ஸ்பாட்டுக்கும் சாதாரண வெப்பத்துக்கும் இடைவெளி 30 டிகிரியைத் தாண்டினால், உள்ளே சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். சித்திரை, வைகாசியில் மட்டும் கிராஷ் ஆகும் கம்ப்யூட்டருக்கு டிரைவர் தேடுவதைவிட ஒரு ப்ளோயர் தேடுவது நல்லது. ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கன்னாபின்னாவென்று சுற்றவிடாதீர்கள்.

கடைசியாக எஸ்எம்பிஎஸ். சித்தி மகன் கதை இங்கேதான் முடிந்தது. ரிலையபிலிட்டி பதிவில் வரிசையாக 141. டிரைவர் சுத்தமாகப் போட்டும் மாறவில்லை. கார்டின் வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்ததும் மூன்றாவது நிமிடக் கிராஷ் இருபதாவது நிமிடத்துக்குத் தள்ளிப்போனது. அப்போதுதான் கேபினட்டைத் திறக்கச் சொன்னேன். வீடியோ காலில் காட்டினான்: கார்டில் இரண்டு 8-பின் சாக்கெட், இரண்டிலும் ஒயர் இருக்கிறது, பார்க்க எல்லாம் சரி. "அந்த ஒயரைப் பின்னாடி வரைக்கும் தடவிக்கிட்டே போடா" என்றேன். இரண்டு முனைகளும் ஒரே ஒயரில் போய்ச் சேர்ந்தன. ஒரு 8-பின் இணைப்புக்கு வகுத்த அளவு 150 வாட். கார்டு இரண்டு கேட்கிறது என்றால் 300 வாட் வரை இழுக்கும் எண்ணத்தில் இருக்கிறது. அது மொத்தத்தையும் அசெம்பிள் செய்தவர் ஒரே ஒல்லி ஒயரில் தொங்கவிட்டிருக்கிறார். மெனுவில் இழுவை குறைவு, அதனால் தாங்கியது. ஆட்டம் சூடு பிடித்து கார்டு கரண்டை உறிஞ்சும் நொடியில் வோல்டேஜ் சரிந்து, கார்டு மயங்கி, காவல்காரன் வந்து டிரைவரை ரீசெட் செய்துகொண்டிருந்தான். எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த இரண்டாவது ஒயர் அட்டைப் பெட்டிக்குள் கவர்கூடப் பிரிக்காமல் கிடந்தது. அதைச் செருகியதோடு சரி.

ஒயர் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை: வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயரைக் கடன் வாங்கிச் செருகாதீர்கள். கார்டு பக்க முனை ஒன்றுபோல் இருக்கும், எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் பின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், எதையாவது எரித்துவிடும். புதிய கார்டுகளில் வரும் சின்ன 12 வோல்ட் 16-பின் இணைப்பை இடைவெளி தெரியாத அளவுக்கு முழுக்க உள்ளே தள்ளுங்கள்.

ரெஜிஸ்ட்ரி தந்திரம் பற்றி

'டிடிஆர் டிலே' என்று ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் சேமித்து வைக்கப்படும் இடத்தில்) ஒரு எண் போட்டு, அந்த இரண்டு விநாடியை எட்டாகவோ பத்தாகவோ நீட்டச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. இந்த அமைப்புகள் சோதனைக்கும் பிழை தேடுவதற்கும் மட்டுமே என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. 3டி வரைகலை மென்பொருள்களில் ஒரு வேலை உண்மையிலேயே சில விநாடி எடுக்கும், அங்கே நீட்டுவதில் அர்த்தம் உண்டு. நொடிக்கு 60 படம் காட்டவேண்டிய கேமில் கார்டு இரண்டு விநாடி பேசாமல் இருந்தால், பத்து விநாடி கொடுத்தாலும் பெரும்பாலும் பேசப்போவதில்லை. உறைந்த திரையைக் கூடுதலாக எட்டு விநாடி பார்க்கலாம். ஏற்கெனவே போட்டிருந்தால் அழித்துவிடுங்கள்.

சரியாகிவிட்டது என்று எப்போது நம்புவது

கிராஷ் ஆகாமல் ஓடிய அதிகபட்ச நேரத்தைப்போல மூன்று மடங்கு ஓட்டிப் பாருங்கள். நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை விழுந்துகொண்டிருந்தால் இரண்டு மணி நேரம். பெஞ்ச்மார்க் ஐந்து நிமிடம் ஓடியது என்பதை வைத்து முடிவு கட்டவேண்டாம். கேமில் சுமை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், கார்டைப் படுத்துவது அந்த ஏற்ற இறக்கம்தான்.

அது தாண்டிவிட்டால், அந்த டிரைவரின் இன்ஸ்டாலரை வெர்ஷன் எண்ணோடு வேறொரு டிரைவில் சேமித்து வையுங்கள். தாண்டாவிட்டால், எழுதி வைத்த தாளோடு கார்டை வேறொருவர் கம்ப்யூட்டரில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள். அங்கேயும் விழுந்தால் வாரண்டிக்கு அனுப்புங்கள். 'டிரைவர் மாத்திப் பாத்தீங்களா?' என்றுதான் அங்கேயும் முதலில் கேட்பார்கள். தேதி, வெர்ஷன், நிமிடம் எல்லாம் உள்ள அந்தத் தாளை நீட்டுங்கள்.